காத்து போனாதான் நிக்கும்!

ட்ரெயின்ல அபாயச் சங்கிலியைப் பார்த்ததும் ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தா என்னன்னு கை துறுதுறுத்திருக்கா? பொய் சொல்லாதீங்க பாஸ்... எல்லாருக்கும் துறுதுறுக்கும். 1989-ம் வருஷ ரயில்வே சட்டத்துல 141-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தக்க காரணம் இல்லாம இழுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், சமயத்துல ரெண்டும் சேர்த்து! அதனால நீங்க இழுக்க வேணாம். இழுத்தா என்ன ஆகும்னு நான் சொல்லிடறேன்.

அந்தச் சங்கிலி எந்த பிரேக்கையும் நேரா போய்ப் பிடிக்கிறதில்ல. பெட்டியோட கோடியில இருக்குற ஒரு வால்வைத் திறந்துவிடுது, அவ்வளவுதான். குழாய்ல அடைச்சு வெச்சிருக்குற காத்து 'உஸ்ஸ்ஸ்...'னு வெளியே ஓடும். காத்து குறையக் குறைய பிரேக் விழ ஆரம்பிக்கும். எஞ்சின்ல லோகோ பைலட் முன்னாடி இருக்குற மீட்டர்ல முள் இறங்கும். மிச்சத்தை அவர் பார்த்துக்குவார்.

இப்ப ஒரு கேள்வி. ட்ரெயின் ஓடும்போது பிரேக் குழாய்ல காத்து இருக்குமா, இருக்காதா? எங்க மெக்கானிக்கல் கிளாஸ்ல (அறுபது பேர், அதுல நாலு பொண்ணுங்க, நான் அந்த நாலுல ஒருத்தி) இதைக் கேட்டேன். முக்காவாசிப் பேர் "பிரேக் போடும்போதுதான் காத்தை அனுப்புவாங்க"ன்னு அடிச்சுச் சொன்னாங்க. பஸ் ஸ்டாண்டுல பஸ் 'புஸ்'னு சத்தம் போடுறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைங்க, வேற எப்படிச் சொல்வாங்க?

விஷயம் தலைகீழ். ஓடும்போது குழாய் முழுக்கக் காத்து. காத்து போனாதான் வண்டி நிக்கும்.

முதன்முதல்ல இதைக் கண்டுபிடிச்சவரும் எங்க கிளாஸ் மாதிரியேதான் யோசிச்சார். பேரு ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், அமெரிக்காக்காரர். அதுவரைக்கும் அங்கே ட்ரெயினை நிறுத்தணும்னா, டிரைவர் விசில் அடிக்கணும். பிரேக்மேன்னு சொல்ற ஆளுங்க ஓடுற பெட்டிங்க மேல தாவித் தாவிப் போய் ஒவ்வொரு கை பிரேக்கா திருகணும். பனியிலயும் மழையிலயும் எத்தனை பேர் வழுக்கி விழுந்திருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. 1869-ல வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக்குக்கு பேட்டன்ட் வாங்கினப்போ அவருக்கு வயசு 22. (ஃபைனல் இயர் அரியர் வெச்சிருக்குற சீனியர் அண்ணன்களே, கவனிக்கவும்!) எஞ்சின்லேர்ந்து குழாய் வழியா காத்தை அனுப்பினா ஒவ்வொரு பெட்டியிலயும் பிரேக் பிடிக்கும். சூப்பர் ஐடியாதான். ஆனா நடுவுல ஒரு ஹோஸ் பிய்ஞ்சு போச்சுன்னா? மொத்த ரயிலுக்கும் பிரேக் கிடையாது. எந்த நேரத்துல பிரேக் ரொம்ப அவசியமோ, சரியா அந்த நேரத்துல காலை வாரிடும்.

மூணே வருஷத்துல, 1872-ல, அவரே அதைத் திருப்பிப் போட்டுட்டார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியா ஒரு காத்து டேங்க், ஒரு 'ட்ரிபிள் வால்வு'. குழாய்ல காத்து நிறைஞ்சிருந்தா பிரேக் விட்டிருக்கும். குழாய்ல அழுத்தம் குறைஞ்சா, அந்தந்தப் பெட்டி தன்னோட சொந்த டேங்க்ல இருக்குற காத்தை எடுத்து பிரேக்கைப் போட்டுக்கும். ஹோஸ் பிய்ஞ்சாலும் சரி, ரயில் ரெண்டா அறுந்தாலும் சரி, ரெண்டு துண்டுமே தானா நிக்கும். பொறியியல்ல 'ஃபெயில் சேஃப்'னு பரீட்சைக்கு ரெண்டு மார்க்குக்கு எழுதுறோமே, அதுக்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இதை எல்லாரும் உடனே ஏத்துக்கிட்டாங்களா? அதான் இல்ல. அயர்லாந்துல ஆர்மா ஊர் பக்கத்துல 1889 ஜூன் 12-ம் தேதி, சண்டே ஸ்கூல் பசங்களோட ஒரு சுற்றுலா ரயில் மேட்டுல ஏற முடியாம நின்னுடுச்சு. முன்பாதியை மட்டும் முதல்ல இழுத்துட்டுப் போகலாம்னு ரயிலைக் கழட்டினாங்க. அதுல இருந்தது இணைப்பைக் கழட்டினா செத்துப்போற சாதா வேக்குவம் பிரேக். பின்பாதி சரிவுல பின்னோக்கி உருண்டு, பின்னால வந்த ரயில் மேல மோதிடுச்சு. 80 பேர் செத்துப்போனாங்க, நிறைய பேர் குழந்தைங்க. 'பயணிகள் ரயில்னா தானியங்கி பிரேக் கட்டாயம்'னு பிரிட்டன் அதே வருஷம் சட்டம் போட்டுச்சு. வெஸ்டிங்ஹவுஸ் வழி காட்டிப் பதினேழு வருஷம் கழிச்சு!

நம்ம ஊர்லயும் ரொம்ப காலம் வேக்குவம் பிரேக்தான் ஓடிச்சு (தானியங்கி ரகம்தான், பயப்படாதீங்க). அப்புறம்தான் படிப்படியா ஏர் பிரேக். இன்னிக்கு நீங்க ஏறுற எக்ஸ்பிரஸ் ரயில்ல பெட்டிக்குப் பெட்டி ரெண்டு ஹோஸ் தொங்குறதைப் பார்க்கலாம். ஒண்ணு பிரேக் பைப், சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம். இன்னொண்ணு ஃபீட் பைப், 6 கிலோ. டேங்குகளை எப்பவும் நிரப்பி வைக்கிறது இந்த ரெண்டாவதோட வேலை. மலைப்பாதையில பிரேக்கைப் போட்டுப் போட்டு எடுத்தா டேங்க் காலியாகிடும்ங்கிற பழைய தலைவலிக்கு அது மருந்து. ட்ரிபிள் வால்வோட பேரன் இப்போ 'டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு'. டெப்போவுல செல்லமா டி.வி.!

டெப்போன்னதும் ஞாபகம் வருது... போன செமஸ்டர் லீவுல ஒரு கோச் டெப்போவுல இன்-பிளான்ட் ட்ரெயினிங் போனேன். எந்த ஊருன்னு கேக்காதீங்க. முதல் நாளே என் கையில ஒரு பக்கெட் சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் குடுத்தார் ஒரு சீனியர் டெக்னீஷியன். மூணாவது வருஷம் எஞ்சினீயரிங் படிக்கிற பொண்ணுக்கு வெள்ளையடிக்கிற வேலையான்னு பார்த்தா, "ஹோஸ் மூட்டுல தடவு பாப்பா. முட்டை வந்தா லீக்கு"ன்னார். 24 பெட்டி ரயில்னா எஞ்சினையும் சேர்த்து 24 இடைவெளி. இடைவெளிக்கு ரெண்டு ஹோஸ் மூட்டு, ஆக 48. ஒவ்வொரு மூட்டுலயும் ரப்பர் வாஷர். கோடையில காயும், மழையில ஊறும், தூசி படியும். இதுபோக வால்வுக்குள்ள இருக்குற டயஃப்ரம், டேங்க் அடியில தேங்குற தண்ணி... காத்தை அமுக்கினா அதுல இருக்குற ஈரம் தண்ணியா இறங்கும்னு தெர்மோடைனமிக்ஸ்ல படிச்சதைக் கையில தொட்டுப் பார்த்தது அங்கேதான்.

அங்கே ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்துல அவர் சொன்ன விஷயம்தான் என்னை இதை எழுத வெச்சது.

"ஏன் ஸார், லீக் ஆனாலும் வண்டி நிக்கத்தானே போகுது? ஆபத்து இல்லையே?"ன்னு கேட்டேன்.

"நிக்கும். நடுக்காட்டுல நிக்கும். பின்னாடி நாலு வண்டி நிக்கும். கன்ட்ரோல்லேர்ந்து போன் வரும், 'ஏன் நிக்குது, எப்ப எடுப்ப?'ன்னு. அப்ப என்ன செய்வாங்க தெரியுமா? எந்தப் பெட்டி தகராறு பண்ணுதோ அதோட பிரேக்கை மட்டும் தனியா அடைச்சுட்டு எடுத்துட்டுப் போவாங்க. ரூல்ல அதுக்கு வழி இருக்கு, எழுதியும் வைக்கணும். ஆனா ஒண்ணு பாப்பா... சும்மா சும்மா நிக்கிற பிரேக்கு மேல மனுஷனுக்குக் கோவம்தான் வரும். கோவம் வந்தா கை குழாயைத்தான் அடைக்கப் பார்க்கும்."

எங்க ரிலயபிலிட்டி பாடத்துல இந்தக் கடைசி வரி இல்ல. 'பாதுகாப்பா பழுதாகுது'ங்கிறதோட புத்தகம் திருப்தியாகி அடுத்த சாப்டருக்குப் போயிடுது. அந்தப் பாதுகாப்பான பழுதை அடிக்கடி சகிச்சுக்கணுமேன்னு மனுஷங்க என்ன செய்வாங்கங்கிறது அதுல வர்றதே இல்ல.

பாரீஸ்ல நடந்ததைக் கேளுங்க. 1988 ஜூன் 27. ஆபீஸ் விட்டு வீடு போற சாயங்கால நேரம். ஒரு புறநகர் ரயில்ல ஒரு பயணி அபாயச் சங்கிலியை இழுத்துட்டாங்க. புது டைம்டேபிள்படி அவங்க இறங்க வேண்டிய ஸ்டேஷன்ல வண்டி நிக்காதுன்னு அவங்களுக்குத் தெரியல. இழுத்துட்டு இறங்கிப் போயிட்டாங்க. டிரைவர் பெட்டிகளுக்கு நடுவுல போய் சங்கிலியைச் சரிபண்ணும்போது, பிரேக் குழாய்ல இருக்குற ஒரு அடைப்பு வால்வு தெரியாம மூடிக்கிச்சு. பின்னால பெட்டிகள்ல பிரேக் பிடிச்சபடியே நின்னுச்சு, விடவே இல்ல. டிரைவர் 'குழாய்ல காத்து அடைச்சுக்கிச்சு'ன்னு நினைச்சு, ஒவ்வொரு பெட்டியா போய்க் காத்தைத் திறந்துவிட்டு பிரேக்கை விடுவிச்சார். இப்போ வண்டி நகரும். ஆனா முன்பக்கத்தைத் தவிர எந்தப் பெட்டிக்கும் பிரேக் கிடையாது. லேட்டாயிடுச்சேன்னு அடுத்த ஸ்டேஷன்ல நிக்காம நேரா வரச் சொன்னாங்க. நின்னிருந்தா பிரேக் இல்லேன்னு அங்கேயே தெரிஞ்சிருக்கும். கேர் து லியோன் ஸ்டேஷனுக்குள்ள இறங்குற சரிவுலதான் டிரைவருக்கே தெரிஞ்சது. நின்னுக்கிட்டு இருந்த இன்னொரு ரயில் மேல மோதி 56 பேர் செத்துப்போனாங்க.

எங்கம்மா பதினாலு வருஷமா சீசன் டிக்கெட்ல வேலைக்குப் போயிட்டு வர்றாங்க. 6.10 வண்டி. இந்தக் கதையைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி ஏழே காலுக்கு அம்மா கேட்டைத் திறக்குற சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு வேற எதுவும் ஓடல.

இந்த மாதிரி மூடிக்கிட்ட வால்வைக் கண்டுபிடிக்க ரொம்பப் பழைய, ரொம்ப எளிமையான ஒரு வழி இருக்கு. வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி, கடைசிப் பெட்டியில இருக்குற கார்டு (2022-லேர்ந்து அவர் 'ட்ரெயின் மேனேஜர்') தன்கிட்ட இருக்குற வால்வைத் திறந்து கொஞ்சம் காத்தை விடணும். முன்னால எஞ்சின்ல முள் இறங்கணும். இறங்கினா குழாய் கோடிக்குக் கோடி திறந்திருக்கு. இறங்கலேன்னா நடுவுல எங்கேயோ அடைப்பு. 'கன்டினியுட்டி டெஸ்ட்'டுன்னு பேரு. ரெண்டு நிமிஷ வேலை. அடுத்த தடவை உங்க ட்ரெயின் கிளம்ப ரெண்டு நிமிஷம் லேட்டானா திட்டாதீங்க, ப்ளீஸ்.

இனிமே கொஞ்சம் டெக்னிக்கல். காலேஜ் கேன்டீன்ல டீ சொல்லிட்டு வாங்க.

ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு எப்போ பிரேக் போடணும்? 'காத்து குறைஞ்சா'ன்னு சொல்லிட்டேன். ஆனா 48 மூட்டு இருக்குற குழாய்ல எப்பவும் கொஞ்சம் கசியத்தானே செய்யும்? அதுக்கெல்லாம் பிரேக் விழுந்தா எந்த ரயிலும் ஊர் போய்ச் சேராது. அதனால ஒரு கோடு கிழிச்சிருக்காங்க. 60 செகண்டுல 0.3 கிலோ குறைஞ்சா வால்வு கண்டுக்கவே கூடாது. 6 செகண்டுல 0.6 கிலோ குறைஞ்சா கண்டிப்பா பிரேக் போட்டாகணும். மெதுவா போனா தூங்கு, வேகமா போனா முழிச்சுக்கோ! வீணா நிக்கக் கூடாதுங்கிறதும், நிக்காம போயிடக் கூடாதுங்கிறதும் ஒரே டயஃப்ரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்குது.

அந்தத் தூக்கத்துக்கு ஒரு விலை இருக்கு. கனடாவுல லாக்-மெகான்டிக்னு ஒரு சின்ன ஊர். 2013 ஜூலை 6. 72 டேங்கர் கச்சா எண்ணெயோட ஒரு ரயிலை ஊருக்கு மேல சரிவுல நிறுத்திட்டு டிரைவர் தூங்கப் போயிட்டார். ஓடிக்கிட்டிருந்த எஞ்சின்ல தீப்பிடிச்சது. தீயணைப்பு வீரர்கள் வந்து எஞ்சினை அணைச்சாங்க. எஞ்சின் நின்னா கம்ப்ரஸர் நிக்கும். கம்ப்ரஸர் நின்னா காத்து கசிஞ்சு குறையும். வண்டியைப் பிடிச்சிருந்த எஞ்சின் பிரேக் கொஞ்சம் கொஞ்சமா தளர்ந்துச்சு. 'அழுத்தம் குறைஞ்சா பெட்டி பிரேக் தானா விழணுமே'ன்னு கேப்பீங்க. கசிவு அவ்வளவு மெதுவா, சீரா இருந்ததால வால்வுங்க முழிச்சுக்கவே இல்ல. போட்டிருந்த கை பிரேக் ஏழு, அது பத்தல. ஆளே இல்லாத ரயில் ராத்திரி உருண்டு வந்து ஊருக்கு நடுவுல கவிழ்ந்து எரிஞ்சது. 47 பேர் போயிட்டாங்க.

நம்ம நாட்டுலயும் 2024 பிப்ரவரி 25-ம் தேதி ஜம்மு பக்கம் கதுவாவுல நிறுத்தி வெச்ச ஒரு சரக்கு ரயில் டிரைவர் இல்லாமலே கிளம்பி, பஞ்சாப் வரைக்கும் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? வாட்ஸப்ல எல்லாரும் சிரிச்சு ஃபார்வர்டு பண்ணினோம். தண்டவாளத்துல கட்டையெல்லாம் போட்டு ஒருவழியா நிறுத்தினாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதனாலதான் அது ஜோக்கா இருக்கு. நிறுத்தி வெச்ச ரயிலைப் பிடிச்சு வைக்கக் காத்தை நம்பக் கூடாது. கை பிரேக், சக்கரத்துக்கு அடியில கட்டை, இந்த ரெண்டும்தான். நம்ம தாத்தாங்க மாட்டு வண்டிக்கு முட்டுக்கல் வெச்ச அதே டெக்னிக்!

இப்போ எங்க ப்ராஜெக்ட் மேட்டருக்கு வர்றேன். நாங்க நாலு பேர். பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரஷர் சென்சார் வெச்சு, லீக்கைக் கண்டுபிடிச்சு எஞ்சினுக்குச் சொல்லணும்கிறது முதல்ல பேசின பேச்சு. டெக்னீஷியன் ஸார்கிட்ட சொன்னேன். சிரிக்கல, திட்டல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க சென்சார் செத்துப்போனா என்ன சொல்லும்?"

கணக்குப் போட்டோம். நீங்களும் போடுங்க. ஒரு சென்சார் நூறு ட்ரிப்புல ஒரு தடவை பொய் அலாரம் அடிக்குதுன்னு வெச்சுக்கங்க, சும்மா ஒரு உதாரணத்துக்கு. 99 சதவீதம் ஓகே, டிஸ்டிங்ஷன்! ஆனா ரயில்ல 24 பெட்டி. 0.99-ஐ 24 தடவை பெருக்கினா 0.79-தான் வரும். அதாவது அஞ்சு ட்ரிப்புக்கு ஒரு தடவை ஏதோ ஒரு பெட்டி 'ஐயோ'ங்கும். மூணாவது 'ஐயோ'வுக்கே லோகோ பைலட் காதை மூடிக்குவார். ஸார் சொன்ன அந்தக் கோவம்!

சரி, பெட்டிக்கு மூணு சென்சார் வைப்போம். மூணுல ரெண்டு சொன்னாதான் நம்புவோம். பொய் அலாரம் பெட்டிக்குப் பத்தாயிரத்துல மூணா இறங்கிடுது. மொத்த ரயிலுக்கும் கிட்டத்தட்ட 140 ட்ரிப்புக்கு ஒண்ணு. பேப்பர்ல பிரமாதம். ஆனா அந்த மூணும் ஒண்ணையொண்ணு சாராம கெட்டுப்போனாதான் இந்தக் கணக்கு செல்லும். ஒரே குழாய்ல, ஒரே ஈரத்துல, ஒரே பேட்டரியில மூணையும் மாட்டிட்டு மூணு தனித்தனி சாட்சின்னு சொன்னா? ஒரே ஹாஸ்டல் ரூம்ல காப்பியடிச்ச மூணு அசைன்மென்ட் மாதிரிதான். இன்னொண்ணு, சென்சார் மாட்டக் குழாய்ல துளை போட்டா, அதுவே ஒரு புது லீக்.

இதுக்கெல்லாம் பெரிய வழி உலகத்துல இருக்கு. சென்னையில ஓடுற மின்சார ரயில்ல இருக்குற மாதிரி எலெக்ட்ரோ-நியூமேட்டிக் பிரேக்ல, பிரேக் போடுங்கிற உத்தரவு ஒயர்ல போகுது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்துல போய்ச் சேருது. காத்துக் குழாய்ல அந்த உத்தரவு அலையா நகர்ந்து போறதால, முக்கால் கிலோமீட்டர் சரக்கு ரயிலோட கடைசி வேகனுக்குப் போய்ச் சேர சில செகண்டு ஆகும். அந்த சில செகண்டுல முன்பாதி பிரேக் போட, பின்பாதி வந்து முட்டும். ஒயர்ல போனா அந்தத் தொல்லை இல்ல. ஆனா ஒயர் அறுந்தா? அதனாலதான் பின்புலத்துல பழைய காத்துக் குழாயும் காவலுக்கு நிக்குது. 1872-ஐ இன்னும் யாரும் கழட்டி வீசல!

நாலு பசங்க கையில அந்த அளவுக்குக் காசு கிடையாது. அதனால நாங்க ரயில்ல எதையுமே மாட்டல. டெப்போவுல டெஸ்ட் பண்ணும்போது பிரேக் பைப் கசிவு நிமிஷத்துக்கு 0.2 கிலோவுக்குள்ள இருந்தா 'பாஸ்'. 0.05 வந்தாலும் பாஸ், 0.19 வந்தாலும் பாஸ். ரிப்போர்ட்ல ஒரு டிக் மட்டும் விழும், நம்பர் காணாமப் போயிடும். ஒரே ரேக் மூணு மாசத்துல 0.05-லேர்ந்து 0.19-க்கு வந்திருந்தா, அது நாளைக்கு எங்கேயோ நிக்கப்போகுதுன்னு இன்னிக்கே சொல்லிடலாமே? எங்க ப்ராஜெக்ட் இவ்வளவுதான். டிக் அடிக்காம நம்பரை எழுதறது, பெட்டி நம்பரோட, தேதியோட, மழை பெஞ்சுதா இல்லையாங்கிறதோட.

இதுல ஒரு சுவாரஸ்யம் பாருங்க. டெக்னீஷியன் ஸார்கிட்ட இந்த லிஸ்ட் ஏற்கெனவே இருக்கு... மண்டைக்குள்ள! "இந்தப் பெட்டி ஐப்பசியில ஆரம்பிச்சா கார்த்திகை வரை படுத்தும்", "அது ஒர்க்‌ஷாப்லேர்ந்து வந்ததுலேர்ந்தே சரியில்ல"ன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வார். அடுத்த வருஷம் அவருக்கு ரிட்டயர்மென்ட். மனுஷன் போனா லிஸ்ட்டும் கூடவே போயிடும். இப்போதைக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டிருக்கேன். எங்க எக்ஸெல் ஷீட்ல 'ஸார் சொன்னது'ன்னு ஒரு காலம், 'மீட்டர் சொன்னது'ன்னு ஒரு காலம். ரெண்டும் எங்கே ஒத்துப்போகலையோ, அந்த வரிசை மஞ்சள் கலர்.

முதல் ரிவ்யூல ஒரு புரொஃபஸர் ஷீட்டைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு, "எல்லாம் சரிம்மா, இதுல ஏ.ஐ எங்கே?"ன்னு கேட்டார். இன்னும் நாலு மாச ரீடிங் சேர்ந்தா போடலாம் ஸார்னு சொல்லியிருக்கேன். இதுவரைக்கும் மஞ்சள் வரிசை பதினொண்ணு. வர்ற சனிக்கிழமை ரேக் பிட் லைனுக்கு வருது, அதுல ரெண்டு மஞ்சள் பெட்டி இருக்கு. புது பிரஷ் வாங்கணும்.